புகை தெரியாத நாக்கு

போன மாதம் ஒரு கையெழுத்துக்காகப் பழைய தேயிலைக் கொம்பனிக்கு வந்திருந்தேன். பின்படிக்கட்டில் நின்ற உங்களில் இரண்டு மூன்று பேர் என்னைக் கண்டதும் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனீர்கள். முதுகுக்குப் பின்னாலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. அட, எனக்கேன் ஒளிக்கிறீர்கள்? அந்தப் படிக்கட்டுச் சுவரிலுள்ள கறுப்புப் புள்ளிகளில் பாதி நான் சிகரெட்டை அணைத்த இடங்கள். திரும்பிப் போகும்போது, ருசி பார்க்கும் அறைக்குப் புதிதாக வந்த பிள்ளை ஒருத்தி வாசல்வரை வந்து கேட்டாள்: "அங்கிள், நீங்கள் எப்பிடி விட்டனீங்கள்?" பஸ் வந்துவிட்டது. பதில் சொல்லாமல் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, படிக்கட்டில் நின்றவர்களுக்கும் சேர்த்தே அதைச் சொல்லவேண்டும் என்று பட்டது.

முதலே சொல்லிவிடுகிறேன். மனவுறுதி, மூச்சுப் பயிற்சி, ஏலக்காய் என்று எதையும் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். ஏலக்காயைச் சப்பிக்கொண்டு தேயிலை ருசி பார்க்க வந்திருந்தால் எங்கள் காலத்தில் அறைக்குள்ளேயே விட்டிருக்கமாட்டார்கள்.

அந்த நாளில் எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை இருந்தது. வாயில் எதையும் மாற்றக்கூடாது. ஒரே பற்பசை, ஒரே காலைச் சாப்பாடு. வெற்றிலை போடுகிறவன் வெற்றிலையைத் தொடரவேண்டும், சிகரெட் பற்றுகிறவன் சிகரெட்டைத் தொடரவேண்டும். நாக்கு எந்த நிலையில் தேயிலையைப் படித்ததோ அந்த நிலையிலேயே அதை வைத்திருக்கவேண்டும் என்பது கணக்கு. இதை எனக்குச் சொன்னவர் எங்கள் பெரிய டேஸ்டர். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த மனிதர். பெயர் வேண்டாம், அவர் போய்ச் சேர்ந்து கனகாலம். கோப்பைகளை வரிசையாக வைத்தால் கரண்டியால் உறிஞ்சி, துப்பி, அடுத்ததற்கு நகர்ந்துகொண்டே எந்த மலையில் எந்தப் பக்கத்து இலை என்று சொல்லிவிடுவார். சந்தையில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. காலையில் முதல் வரிசைக்கு முன்னால் பின்படிக்கட்டுக்குப் போய் ஒன்று பற்றிவிட்டுத்தான் வருவார். "நாக்க செட் பண்ணணும் தம்பி," என்பார். நானும் பக்கத்தில் நின்று செட் பண்ணுவேன். அவருக்குச் சமமாக நிற்கிற மாதிரி ஒரு பெருமை வேறு.

வீட்டில்தான் பிரச்சினை தொடங்கியது. வெள்ளவத்தையில், கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையொன்றில் சின்ன மாடிவீடு. நானும் மனைவியும் மட்டும் இருந்த வீட்டுக்கு, சண்டையால் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளிக்கிட்ட மனைவியின் தங்கை சாந்தா தன் பெண் குழந்தையோடு வந்து சேர்ந்தாள். குழந்தைக்கு முட்டு வருத்தம். இழுக்கத் தொடங்கினால் நெஞ்சு விசில் அடிக்கும், களுபோவில ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். ஆகவே நான் வீட்டுக்குள் பற்றுவதை நிறுத்தினேன். நல்ல காரியம் செய்ததாக எனக்குள் நினைப்பு. ஒழுங்கை முடிவில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், கடலைப் பார்த்து நின்று பற்றுவேன்.

கரண்ட் வெட்டு இருந்த காலம் அது. ஒருநாள் பொழுதுபட்ட கையோடு கரண்ட் போய்விட்டது. நான் சாரமும் பெனியனுமாகச் சிகரெட்டோடு இறங்கினேன். சாரத்தில் ஏது பொக்கற்? அடையாள அட்டை, அந்த ஐசி, மேலே வீட்டில் சேர்ட்டில் இருந்தது. இருட்டில் கடலைப் பார்த்து நின்று இழுக்க, நெருப்பு பளிச்சென்று எரியும், விட, மங்கும். எனக்கு அது சிகரெட். ரோந்து வந்த ஆமிக்காரருக்கு அது வேறு.

"காடத சிக்னல்?" யாருக்குச் சிக்னல் கொடுக்கிறாய் என்று கேட்டான் ஒருவன், துவக்கை நீட்டிக்கொண்டு.

எனக்குச் சிங்களம் ஒபீஸ் அளவுக்குத்தான் தெரியும். அந்த நேரத்தில் அதுவும் வாயைவிட்டுப் போய்விட்டது. சிகரெட், சிகரெட் என்று அதையே நீட்டிக் காட்டினேன். கடலில் புலிகளின் படகு என்ன, ஒரு தோணிகூட இல்லை. ஐசி கேட்டார்கள். மேலே என்று கையைக் காட்டினேன். ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிரவு பொலிஸ் கூட்டுக்குள், என்னைப் போலவே சும்மா நின்ற குற்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஆட்களோடு சுவரில் சாய்ந்து இருந்தேன். பயத்தில் சிகரெட் ஞாபகம்கூட வரவில்லை. இதை நான் பிறகு பல தடவை ஆச்சரியமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

காலையில் மனைவி என் ஐசியோடும் கொம்பனிக் கடிதத்தோடும் வந்தாள். பெரிய டேஸ்டர்தான் மனேஜர் வீட்டுக்குப் போய் அந்தக் கடிதத்தை எழுதுவித்தவர். இன்ன கொம்பனியில் இன்ன வேலை பார்க்கிறார், பொறுப்பானவர் என்று அதில் இருந்தது. அந்தக் காலத்தில் கொழும்பில் தமிழனுக்கு அப்படி ஒரு கடிதம் இருந்தால் வீட்டுக்கு வரலாம், இல்லாவிட்டால் இருந்து பார்க்கவேண்டியதுதான். என்னை விட்டார்கள்.

ஓட்டோவில் வரும்போது மனைவி ஏசுவாள் என்று காத்திருந்தேன். வெள்ளவத்தைச் சந்தியில்தான் சொன்னாள்: "இஞ்சருங்கோ, இனி வெளியிலை போய்ப் பத்தாதேங்கோ. வீட்டுக்குள்ளையே பத்துங்கோ. பிள்ளை இருமினால் இருமட்டும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம்."

அவள் கோபத்தில் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னாள். என் உடம்பு கூசிவிட்டது. குழந்தையின் மூச்சையும் என்னையும் அவள் எடைபோட்டுப் பார்க்கவேண்டி வந்தது எதனால்? விரலளவு புகையிலையால். அன்று விட்டேன்.

இதோடு கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். விடுகிற எல்லாரும் ஒருநாளைக்கு விடுகிறார்கள்தான். எனக்குச் சோதனை வந்தது டேஸ்டிங் அறையில்.

முதல் கிழமை தலையிடி, எரிச்சல் எல்லாம் வந்து போயின. அதற்குப் பிறகுதான் விசித்திரம் தொடங்கியது. ஒருநாள் மத்தியானம் தேங்காய்ச் சம்பலைத் தின்றுகொண்டிருந்தவன் அப்படியே நிறுத்திவிட்டேன். உள்ளி வேறாக, எலுமிச்சம்புளி வேறாக, தேங்காயின் இனிப்பு வேறாகத் தெரிந்தது. வீட்டுக் குழாய்த் தண்ணீருக்கும் ஒபீஸ் தண்ணீருக்கும் ருசி வித்தியாசம் என்று கண்டுபிடித்தேன். மழை வரமுன் கடல்காற்றுக்கு வேறு மணம். ஒவ்வொன்றையும் மணந்து பார்த்துக்கொண்டு திரிந்தேன். சாந்தா தன் அக்காவிடம் போய், "அத்தானுக்கு என்னவோ பிடிச்சிட்டுது, தண்ணியையும் மணக்கிறார்," என்று சொல்லியிருக்கிறாள்.

நல்லதுதானே என்பீர்கள். வேலையில் அது பெரிய ஆபத்தாகப் போய்விட்டது. சாதாரணத் தேநீர் எல்லாம் எனக்குச் சத்தம்போட்டது. நடுத்தரமானதைப் பலமானது என்றேன். கொஞ்சம் கூடுதலாகப் புளித்ததைக் கெட்டுப்போனது என்றேன். என் பழைய அளவுகோல் புகை படிந்த நாக்கில் செய்தது, அந்த நாக்கு இப்போது இல்லை. வரிசையில் எனக்குப் பின்னால் வரும் பெரிய டேஸ்டர் ஒவ்வொரு கோப்பையிலும் என்னைத் திருத்திக்கொண்டு வருவார். முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"நாக்க மாத்தாத, மாத்தாதன்னு சொன்னேனே. கேட்டியா?"

"வரும் சேர். கொஞ்சம் பொறுங்கோ."

"நான் பொறுப்பேன் தம்பி. மேல உள்ளவங்க பொறுக்கணுமே. உன்ன ஸ்டோருக்கு மாத்துறதா, வீட்டுக்கு அனுப்புறதான்னு கேக்குறாங்க. பேசாம ஒண்ண எடுத்துப் பத்து. ஒரே நாள்ல பழைய நாக்கு வந்துடும்."

வேலை போனால் சம்பளம் மட்டும் போகாது, அந்தக் கடிதமும் போய்விடும். அடுத்த முறை பிடித்தால் மனைவி எதைக் கொண்டுவந்து காட்டுவாள்? ஆகவே பழைய பெட்டியில் மிஞ்சியிருந்த ஒரேயொரு சிகரெட்டை நான் எறியவில்லை. ஒபீஸ் மேசை லாச்சிக்குள், கரண்டித் துணிக்கு அடியில் வைத்திருந்தேன். பற்றுவதற்கு இல்லை, மருந்துக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்படியிருக்க, மலைப்பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஒரு தேயிலை வந்தது. உறிஞ்சினேன். புகை. திரும்ப உறிஞ்சினேன். சந்தேகமில்லாமல் புகை. தேயிலை காயவைக்கும் அடுப்பில் குழாய் வெடித்தால் விறகுப்புகை கசிந்து இலையில் ஏறிவிடும், உங்களுக்குத் தெரியும். அப்படி ஏறியதை விற்றால் வெளிநாட்டில் வாங்குகிறவன் திருப்பி அனுப்புவான், கொம்பனி பெயர் கெடும். புகை என்று பிழையாகச் சொன்னாலோ, தொழிற்சாலைக்காரன் அவ்வளவையும் மறித்து வைக்கவேண்டும், சும்மா விடமாட்டான்.

"சேர், இது புகை."

பெரியவர் வந்து உறிஞ்சினார். துப்பினார். சூடு ஆறவிட்டு மறுபடி உறிஞ்சினார். "எங்கடா புகை? சுத்தமான டீ."

"எனக்குத் தெரியுது சேர்."

"தெரியும். ஏன் தெரியாது? சிகரெட்ட விட்டவனுக்குக் கனவுலயும் புகை மணக்கும். உனக்கு ஆசை, அது கோப்பையில தெரியுது." அதில் நக்கல் இருக்கவில்லை. அனுதாபம்தான் இருந்தது, அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. ஏனென்றால் அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். அந்தக் கிழமை பஸ்ஸில், கோயிலில், தலையணையில்கூட எனக்குச் சிகரெட் மணம் வந்துகொண்டுதான் இருந்தது. "நாளைக்குக் காலையில ரிப்போர்ட் போகணும். யோசிச்சு வா. வேணும்னா ஒண்ணு பத்திட்டு வா."

அன்று பின்னேரம் பஸ்ஸில் என் தலைக்குள் ஒரே கேள்விதான். புகை கோப்பைக்குள்ளா, எனக்குள்ளா? எனக்குள் இருந்து எனக்கே எப்படித் தெரியும்? பயத்தை மீறி எனக்கு இதில் ஒரு ஆவல் பிறந்துவிட்டது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ருசி பார்த்து மிஞ்சிய தேயிலையை வீட்டுக்குக் கொண்டுபோவது எங்கள் வழக்கம். அன்றைக்கு அந்தத் தேயிலையில் ஒரு பிடி என் பையில் இருந்தது. வீட்டுக்குப் போனதும் ஒன்றும் பேசாமல் குசினியிலிருந்த தேயிலைத் தகரப் பேணியில் இருந்ததை ஒரு பையில் வேறாக எடுத்து வைத்துவிட்டு, இதை அதற்குள் கொட்டினேன். ஒருவரும் ஒன்றும் சொல்லாவிட்டால் நாளைக் காலையில் லாச்சியைத் திறப்பது என்று முடிவெடுத்தேன். பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஹோலில் உட்கார்ந்தேன். எழுத்து ஒன்றும் கண்ணில் ஏறவில்லை.

மனைவி எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். சாந்தா ஒரு வாய் குடித்தாள். கோப்பையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். எழும்பிக் குசினிக்குள் போனாள். உள்ளே குசுகுசுத்தார்கள். பிறகு மனைவி வந்து எனக்கு முன்னால் நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"கையைத் தாங்கோ."

"ஏன்?"

"தாங்கோ எண்டுறன்."

விரல்களை மணந்தாள். சேர்ட் கொலரை மணந்தாள். "வீடெல்லாம் புகை மணக்குது. சாந்தாவுக்கும் மணக்குது. எங்கை வைச்சுப் பத்தினீங்கள்? கக்கூசுக்குள்ளையா? முந்தநாள்தான் பிள்ளையைக் களுபோவிலைக்குக் கொண்டு ஓடினது, உங்களுக்கு வெக்கமில்லையா?"

நான் சிரிக்கத் தொடங்கிவிட்டேன். அடக்க முடியவில்லை.

"சிரிக்கிறார் பாரக்கா! அத்தான் சிரிக்கிறார்!" என்றாள் சாந்தா உள்ளிருந்து வந்து.

"ஏசுங்கோ, இன்னும் நல்லா ஏசுங்கோ," என்றேன். "சாந்தா, நீ சொல்லு, புகை எங்கை மணக்குது?"

"அத்தானிலை இருந்துதான், வேறை எங்கை?"

"கோப்பையை மண."

மணந்தாள். அக்காவைப் பார்த்தாள். அக்கா வாங்கி மணந்தாள். நான் குசினிக்குள் போய், வேறாக வைத்திருந்த பழைய தேயிலையில் ஒரு கோப்பையும் புதியதில் ஒரு கோப்பையும் ஊற்றி, எது எதுவென்று சொல்லாமல் மனைவி கையில் கொடுத்தேன். ஒரு வாய் இது, ஒரு வாய் அது. "இதுதான்," என்று புதியதைத் திருப்பித் தந்தாள். "கேஸ் அடுப்பிலை போட்ட தேத்தண்ணியிலை விறகுப்புகை என்னெண்டு வரும்?" பிறகு என் கையை இன்னொரு முறை எடுத்து மணந்து பார்த்தாள். இந்த முறை விட மனமில்லாமல் கொஞ்சநேரம் வைத்திருந்தாள்.

பிள்ளைகளே, இதை மட்டும் கவனியுங்கள். "இதிலை புகை இருக்கோ பாருங்கோ" என்று நான் கேட்டிருந்தால் என்மேல் உள்ள அன்பில் ஓம் என்றிருப்பார்கள். உங்கள் தீர்ப்பில் உங்களுக்கே சந்தேகம் வந்தால், கேள்வி என்னவென்று தெரியாத ஒருவரிடம் கோப்பையைக் கொடுங்கள். ஏச்சு விழுந்தால் இன்னும் நல்லது.

மறுநாள் காலை பெரியவரிடம் போனேன். "சேர், புகைதான். ரிப்போர்ட்டிலை அப்பிடியே போடுறன். பிழையெண்டால் என்னை ஸ்டோருக்கு அனுப்புங்கோ."

"சிகரெட் பத்தினியா?"

"இல்லை. பத்தினன் எண்டு வீட்டிலை அடி விழாத குறை." நடந்ததைச் சொன்னேன்.

அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கோப்பையை எடுத்தார், உறிஞ்சினார், வாயிலேயே வைத்திருந்தார். துப்பிவிட்டு டெலிபோனுக்குப் போய்த் தொழிற்சாலைக்குத் தானே பேசினார். மறுமுனையில் அவன் கத்துவது எனக்கே கேட்டது. "திறந்து பாருங்க, எனக்காகப் பாருங்க," என்று இவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தக் காலை முழுதும் எனக்குக் கை ஓடவில்லை. ஸ்டோர் வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்தேன், இங்கேதான் இருக்கப்போகிறோம் என்று. மத்தியானம் கடந்துதான் திரும்ப அழைப்பு வந்தது. அடுப்புக் குழாயில் தலைமயிர் அளவு வெடிப்பு. சத்தம்போட்டவன் இப்போது நன்றி சொல்லிக்கொண்டிருந்தான். பெரியவர் ரிசீவரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே பின்படிக்கட்டுக்குப் போனார். கொஞ்சத்தால் கூப்பிட்டார்.

படியில் இருந்தார். வழமைக்கு மாறாகக் கையில் சிகரெட் இல்லை.

"லாச்சில ஒண்ணு வச்சிருக்க, என்ன?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஓம் சேர்."

"கரண்டித் துணிக்கு அடியில."

"பாத்தனீங்களோ?"

"பாக்கல. நானும் அங்கதான் வச்சிருந்தேன்." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உன் வயசுல நானும் விட்டேன் தம்பி. இதே மாதிரி நாக்கு போச்சு. எல்லாம் தப்புத் தப்பாச் சொன்னேன். பயந்துட்டேன். எடுத்துப் பத்திட்டேன். மறுநாளே எல்லாம் சரியாப் போச்சு, எல்லாரும் பாராட்டினாங்க. நாக்க மாத்தக்கூடாதுன்னு அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன்." சுவரிலிருந்த கறுப்புப் புள்ளி ஒன்றை விரலால் தேய்த்தார். "இத்தனை வருசமா எத்தனை புகையக் குடிச்சிட்டு, சுத்தமான டீன்னு எழுதினேனோ, யாருக்குத் தெரியும்."

நாங்கள் எல்லாரும் தெய்வம் போல் நம்பிய நாக்கு அது.

"அதக் கொண்டு வா," என்றார். போய் எடுத்து வந்து கொடுத்தேன். வாங்கி, "இது உனக்கு வேணாம்," என்று சொல்லிவிட்டுத் தானே பற்றவைத்தார். ஒரு இழுப்பு இழுத்து, புகையை என்மேல் படாமல் மற்றப் பக்கம் திரும்பி ஊதினார். பிறகு ஒரு புதுப்பையன் கேட்பது போலக் கேட்டார்:

"சரி, சொல்லு. டீ எப்படி இருக்கு?"

"எந்த டீ சேர்?"

"எதுவா இருந்தா என்ன. புகை இல்லாம, டீ எப்படி இருக்கு?"

யோசித்தேன். "முதல்லை கசப்பு, சேர். அது போனாப் பிறகு, தொண்டைக்குக் கிட்ட, ஒரு சின்ன இனிப்பு வருது. கனநேரம் நிக்குது."

"இனிப்பா?" என்றார். அவரைவிடத் தேயிலை தெரிந்தவர் இந்த நாட்டில் அன்றைக்கு இருக்கவில்லை. "டீயிலயா?"

"ஓம் சேர்."

சிகரெட்டைக் கடைசிவரை குடித்தார். சுவரில் அணைத்தார். எழும்பாமல் அப்படியே இருந்தார்.

"இன்னொருக்காச் சொல்லு," என்றார். "எங்க வருது அந்த இனிப்பு?"